மேற்கு ஜன்னலுக்கு சன் பிலிம்

“கண்ணாடிகிட்ட வந்து நில்லு தாயி. இன்னும் கிட்ட வா!”

நல்லமுத்து வாசலில் நின்று கத்தினார். உள்ளே அவர் மகள் ராமலட்சுமி, ஜன்னல் கண்ணாடியில் மூக்கு உரச நின்றாள்.

“நல்லாப் பாத்துக்கோங்க அண்ணாச்சி, ஆள் நிக்கிறதே தெரியாது. உள்ள இருக்கவுகளுக்கு ரோடு பளிச்சுன்னு தெரியும்” என்றான், மதுரையிலிருந்து சன் பிலிம் ஒட்ட வந்திருந்த பால்சாமி.

ராமலட்சுமி ஆசைப்பட்டது பிளைண்டுக்குத்தான். கயிற்றை இழுத்தால் பட்டைகள் திறந்துகொள்ளும். வேண்டிய மட்டும் காற்றும் வெளிச்சமும் வரும். பால்சாமியும் அதுதான் இந்த வீட்டுக்கு அழகு என்றான்.

நல்லமுத்து கேட்கவில்லை. “காத்தடிச்சா அது விலகிரும் தம்பி. பிள்ளைக்கு வெயிலு ஆகாது. பிலிமே ஒட்டுங்க.”

ராமலட்சுமி பிளைண்டு ஆசையை விட்டுவிட்டாள். முகத்திலும் கழுத்திலும் வெண்புள்ளி படர்ந்ததிலிருந்து, வெயில் பட்டாலே அவளுக்குத் தோல் சிவந்து எரியும். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவாவது அதை நினைத்துப் பார்க்கிறாரே.

பரளச்சியை விட்டு அருப்புக்கோட்டைக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான். இன்னும் அவள் தெருவில் இறங்கியதில்லை. மெட்ராஸிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொன்னபோது, இருபத்தெட்டு வயதில் அவளுக்கு நம்பவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தங்கை தங்கச்செல்வி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்து இறங்கினாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தலையில் பூவை வைத்துவிட்டுப் போனாள்.

“நான் கூப்புடுற வரைக்கும் ரூம்ப விட்டு வராத தாயி” என்றார் நல்லமுத்து.

“சரிப்பா.”

வெயில் சாயுமுன் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கி நேரே அவள் ரூம் ஜன்னலுக்கு வந்தான். கறுத்த கண்ணாடியில் முகம் பார்த்து, தலை சீவி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

கைக்கெட்டும் தூரத்தில் அவன் கண்கள். பட்டுச்சேலையில் நின்ற ராமலட்சுமி தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அவன் சீப்பைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு திரும்பினான்.

அவனுடைய அம்மா வீட்டை அண்ணாந்து பார்த்தாள். “இம்மாம் பெரிய வீடா இருக்கே! உங்களுக்கு எத்தனை பசங்க?”

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்ற நல்லமுத்து கைகூப்பிச் சிரித்தார்.

“ஒரே மகதாங்க. தங்கச்செல்வி.”