முழு மனதோடு

ஞானஸ்நானம் கேட்டு வந்திருந்தார் செல்லமுத்து. றக்வானத் தேயிலைத் தோட்டத்துச் சபைப் போதகர் ரொபர்ட்டால் நம்பவே முடியவில்லை.

“செவப்புக்கொடி யூனியன் தலைவரா இருந்தப்ப சாமியே இல்லைன்னீங்க. அப்புறம் கட்சி மாறி, கோயில் கமிட்டியில சேர்ந்தீங்க. உங்க சம்சாரம் எங்க சபையில சேர்ந்துட்டாங்கன்னு அவங்க அடக்கத்துக்குக்கூட வரல.”

“ஆமாங்க ஐயா.”

“இப்ப ஏசப்பாவ முழு மனசோட நம்புறீங்களா?”

செல்லமுத்து ஜன்னல் வழியாகக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார்.

“நம்பணும்னா நம்புறேங்க. சபையில சேராதவங்கள அங்க புதைக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க.”

போதகரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அவகிட்ட பதினோரு வருஷம் ஒரு வார்த்த பேசலைங்க. அவ பக்கத்துல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் கெடக்குங்க, ஐயா.”