பாலம் வருதுப்பா

“இந்தத் தைவான்லயே மூடநம்பிக்கை துளிகூட இல்லாத ஒரே மனுஷன் நான்தான்,” என்று மலைப்பாதையின் முதல் வளைவில் துங்லியாங் அறிவித்தான்.

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். கார் கண்ணாடியில் ஆடிய கோயில் தாயத்து முன்பு காரை வைத்திருந்தவர் மாட்டியது. கழற்ற இன்னும் நேரம் வாய்க்கவில்லை. கார் வாங்கி ஒன்பது வருடமாகிறது.

முன் சீட்டில் இருந்த தங்கை மெய்ஷியா பின்னால் திரும்பினாள். “பாலம் வருதுப்பா.”

“ஆரம்பிச்சுட்டியா? பாலம் வருது, குகை வருதுன்னு... நீ என்ன பஸ் கண்டக்டரா?”

“அப்பா கடற்கரையில சிப்பி வளர்த்தவர். இந்த வழி அவருக்குப் பழக்கமில்லண்ணா.”

“பாலத்துக்கு எதுக்குப் பழக்கம்?”

“ஒரு தடவை பனி பார்க்கணும்னு எத்தனை வருஷம் கேட்டார்? நீ ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டின.”

“அறிவியல்படி ரெண்டும் ஒண்ணுதான்.” குரலில் வழக்கமான தெம்பு இல்லை. “நாளைக்குக் கொண்டுபோய் விடற இடம் நல்ல இடம் மெய்ஷியா. ஏழாவது மாடி. கடல் தெரியும்.”

“அவர் கேட்டது கடல் இல்ல.”

மேலே போலீஸ்காரர் தடுப்பை இறக்கிக்கொண்டிருந்தார். “ரோடு ஐஸ் கட்டிடுச்சு. திரும்பிடுங்க.”

“டயருக்குச் சங்கிலி மாட்டியிருக்கோம் சார்.”

“மாட்டினா? நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு அப்பாவைக் கொண்டுபோய் விட்டுடுவோம் சார். இன்னிக்கு மட்டும்தான்,” என்றாள் மெய்ஷியா.

போலீஸ்காரர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தடுப்பைத் தூக்கிவிட்டார்.

உச்சியில் மூடுபனி. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் உலகமே இல்லை. தரையில் மிதிபட்டுக் கறுத்த பனி. யாரோ கார் முகப்பில் பனிப்பொம்மை வைத்து, வீடு சேரும்வரை உருகாது என்ற நம்பிக்கையில் இறங்கிப் போனார்கள்.

மெய்ஷியா சுவரோரம் சுத்தமான பனியாகப் பார்த்து ஒரு கைப்பிடி அள்ளிவந்து, பின் கதவைத் திறந்து, போர்வை மேல் வைத்தாள். “இதுதான்ப்பா.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

“ரெண்டும் ஒண்ணு இல்ல,” என்றான் துங்லியாங், யாரிடம் என்றில்லாமல்.

இறங்கும்போது மெய்ஷியா அழுத களைப்பில் தூங்கிப்போனாள். ஒரு வளைவில் போர்வை சரிந்தது. துங்லியாங் காரை ஓரங்கட்டி, நாளை கலசங்கள் அடுக்கிய கோபுரத்தின் ஏழாவது மாடிக்குப் போகவிருந்த அஸ்திக் கலசத்தின் மேல் உருகியிருந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்து, அதன் சீட் பெல்ட்டை இறுக்கினான். வழியில் பாலம் வந்தால் செத்தவரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஆவி அந்தக் கரையிலேயே தங்கிவிடும் என்பார்கள் அவன் ஊரில்.

தங்கை தூங்குகிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“பாலம் வருதுப்பா,” என்றான் மெதுவாக. “கூடவே வாங்க.”