ஒரு மெஷினுக்கான வெளிச்சம்

புஸ்பராணி பக்கத்து வீட்டு யன்னலுக்குள்ளால் கைவிட்டுப் பிளக்கைச் செருகப் போனாள். ஆதம்பாவா அவள் கையைத் தட்டிவிட்டார்.

வயர் யன்னலுக்கு வெளியே விழுந்தது. வேலிக்கு மேலால் அவளே இழுத்துக்கொண்டு வந்த வயர்.

"கையைத் தட்டுறியளோ நானா?"

"குறை நினைக்காதீங்க தங்கச்சி. ஏலாது."

"என்ர மனிசன் அங்க மூச்சுக்கு இழுக்கிறார். சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்திட்டுது."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் தட்டினியளோ?"

ஆதம்பாவா யன்னலை மறைத்து நின்றார். அவருக்குப் பின்னால், கட்டிலில், தலையணைகளில் சாய்ந்தபடி அவர் மனைவி றுக்கியா. மூக்கில் குழாய். பக்கத்தில் ஒட்சிசன் மெஷின் சீறிச் சீறி ஓடிக்கொண்டிருந்தது.

புயல் போய்விட்டது. குச்சவெளிக்குக் கறண்ட் இன்னும் வரவில்லை. அம்புலன்ஸ் பாலத்துக்கு அங்கால், தண்ணீர் வடியட்டும் என்று நின்றது. அந்த ஒழுங்கையில் சோலார் போட்ட வீடு ஆதம்பாவாவின் வீடு ஒன்றுதான்.

"கூரை முழுக்கத் தகடு வைச்சிருக்கிறியள். ரெண்டு மெஷின் இழுக்காதோ?"

"வெளிச்சம் பட்டாத்தானே தகட்டில கறண்ட் ஊறும்? வானத்தைப் பாருங்க. இந்த மந்தாரத்தில ஊறுறது ஒண்டுக்கே மட்டுமட்டு. பற்றரியில கிடக்கிறதும் ராவைக்கு ஒண்டுக்குத்தான் தாங்கும். பிரிஜ், லைட், எல்லாம் நிப்பாட்டித்தான் இதை ஓட்டுறன். ரெண்டையும் கொழுவினா பொழுதுபட முதல் ரெண்டும் நிண்டிரும்."

"அதுக்குள்ள அம்புலன்ஸ் வந்திரும்."

"வராட்டி?"

வேலிக்கு அப்பால் நின்ற அவளுடைய தம்பி இராகுலன் குறுக்கிட்டான்.

"விடுங்கோ அக்கா. நானா சூரியனுக்கும் தன்ர பேரில உறுதி எழுதி வைச்சிருக்கிறார்."

"உங்கட மனிசியின்ர மூச்சுத்தான் மூச்சோ?" என்றாள் புஸ்பராணி. "அஞ்சு நேரமும் தொழுறியள். ஆரிட்ட என்ன கேட்டுத் தொழுறியள்?"

ஆதம்பாவா யன்னலைச் சாத்தினார்.

"கல்லெடுத்தன் எண்டா ஒரு தகடு மிஞ்சாது!" இராகுலன் கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

வீட்டுக்குள் படுத்திருந்த புஸ்பராணியின் கணவர் யோகலிங்கத்துக்கும் கேட்டது. துறைமுகத்தில் சீமெந்து இறக்கி நெஞ்சு கெட்டவர். திருகோணமலை கிளினிக்குக்கு அவரும் றுக்கியாவும் ஒரே ஓட்டோவில்தான் போய் வருவார்கள். ஓட்டுவது ஆதம்பாவா.

"நானாவோட... சண்டைக்குப்... போகாதை," என்றார் திரும்பி வந்தவளிடம், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று.

"நீங்கள் கதையாதேங்கோ. ஓட்டோவில ஏத்தினவர்தான். இப்பதானே ஆளைத் தெரியுது."

புஸ்பராணி சிலிண்டரின் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். காற்று மெல்லப் போனால் கூடுதல் நேரம் தாங்கும் என்று நினைத்தாள். அவருடைய உதடுகள் நீலம் பாரித்தன. பயந்துபோய்த் திரும்பவும் திறந்தாள்.

மத்தியானம் தாண்டியதும் மழை தூறத் தொடங்கியது. சிலிண்டர் நின்றுவிட்டது.

அவள் பெட்டி மட்டையொன்றை எடுத்து அவர் முகத்துக்கு விசிறினாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் விசிறினாள். இராகுலன் ஆரையாவது கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று ஃபோனை எடுத்தான். அதிலும் சார்ஜ் இல்லை.

குசினிக் கதவை ஆரோ தட்டினார்கள்.

ஆதம்பாவா. நனைந்திருந்தார். கையில், தன் வீட்டிலிருந்து இழுத்து வந்த வயரின் நுனி.

"கெதியாக் கொழுவுங்க."

இராகுலன் பறித்து இழுத்துக் கொழுவினான். மெஷின் ஒருமுறை கீச்சிட்டது. பிறகு சீறத் தொடங்கியது. புஸ்பராணி குழாயை மூக்கில் வைத்தாள். எல்லாரும் அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஆறுதலாக ஏறி இறங்கியது.

புஸ்பராணி அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது.

"இப்ப மட்டும் கறண்ட் எங்கால வந்தது நானா? காலமை இருந்த வெளிச்சமும் இப்ப இல்லை."

"காணும். விடியுமட்டும் தாங்கும்."

"அப்ப காலமையும் தாங்கியிருக்கும்," என்றான் இராகுலன். "வைச்சுக்கொண்டுதான் இல்லையெண்டனீங்கள். ஊர் என்ன சொல்லும் எண்ட பயம் வந்திட்டுது போல."

ஆதம்பாவா முகத்து மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"என்ர கையைத் தட்டினதைச் சாகுமட்டும் மறக்கமாட்டன்," என்றாள் புஸ்பராணி.

"ஓம் தங்கச்சி."

யோகலிங்கம் கண் திறந்தார். குழாயை விலக்கிக்கொண்டு கேட்டார்: "றுக்கியா ராத்தா... எப்பிடி?"

ஆதம்பாவா கட்டிலடிக்குப் போனார். குழாயைத் திரும்ப அவருடைய மூக்கில் வைத்து, நாடாவைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துவிட்டார்.

"நல்ல நித்திரை. நீங்க கதைக்காம மெல்ல மெல்ல இழுங்க."

"குடுத்து வைச்சவ," என்று யோகலிங்கம் சிரிக்கப் பார்த்தார்.

ஆதம்பாவா குசினியால் வெளியே போனதும் இராகுலன் கதவை அடித்துச் சாத்தினான்.

அவர் வீட்டுக்குள் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்து மெஷின் பிளக் கழற்றிக் கிடந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே றுக்கியாவின் மூச்சு அடங்கியிருந்தது. பள்ளிவாசலுக்கு இன்னும் சொல்லவில்லை.

அலுமாரியைத் திறந்து வெள்ளைத் துணியொன்றை எடுத்து நீளமாகக் கிழித்தார். றுக்கியாவின் வாயை மெல்ல மூடி, தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினார்.