எறும்பு சேர்த்த நகல்கள்

நம்பாட்டி போ, எறும்பு பேசத்தான் செய்யும். எங்க மிக்ஸியே ஆடியிலேருந்து முனகிக்கிட்டு கிடக்கு, அத விடு.

சமையல்காரி செல்லக்கண்ணு செல்போன்ல ஒரு குறிப்பு இருந்துச்சு. 'பாப்பாவுக்கு வேர்க்கடலை ஆகாது, மூச்சடைச்சிரும்'னு பாப்பாவோட அம்மா பிளேன் ஏறுமுன்ன சொன்னது. குறிப்புல ஒரு புள்ளி மாறினாலும் போதும், போனுக்குள்ள இருக்குற எறும்பு உடனே நகல் எடுத்து வளையில வைக்கும். வளையில மூணு நகல்தான் கொள்ளும்.

இடுப்புல சொருகினப்போ போன் அழுந்தி, வேர்க்கடலைங்குற வார்த்தை அழிஞ்சுபோச்சு. எறும்பு அதையும் நகல் எடுத்து, ரெண்டாவதா வளையில வச்சுச்சு. குறிப்பு எறும்பக் கூப்பிட்டுச்சு.

"எறும்பண்ணே, பழைய நகல் இருக்கா?"

"பத்திரமா இருக்கு தாயி."

அந்நேரம் செல்லக்கண்ணு திறந்து பாத்தா. "ஐயோ, என்ன ஆகாதுன்னாங்க?" பதட்டத்துல திரையத் தட்டினா, ஒரு புள்ளி விழுந்துச்சு. எறும்பு மூணாவது நகல் கொண்டாந்துச்சு. மறுபடி தட்டினா, இன்னொரு புள்ளி.

"அண்ணே, நில்லுங்க. பழசு வெளிய விழுந்துரும்."

"ஒரு புள்ளியக்கூட நான் விட்டவனில்ல"ன்னு எறும்பு நாலாவது நகல உள்ள தள்ளுச்சு. வேர்க்கடலை இருந்த நகல் வெளிய விழுந்துச்சு.

செல்லக்கண்ணு நெத்தியத் தேச்சா. "முந்திரியாத்தான் இருக்கும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. அப்புறம் வாசப்பக்கம் நின்ன எடுபிடிப் பொண்ணப் பாத்து, "ராசாத்தி, பாயசத்துக்கு முந்திரி வேணாம். அந்த வறுத்த வேர்க்கடலைய உள்ள கொண்டா"ன்னா.