தேற்ற வந்தவள்

இந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவன் பொய்யாக அழப்போகிறான் என்று லோரலுக்குத் தெரியும். அவனை ஒழுங்காகத் தேற்றிவிட்டால் போதும், பிழைத்தாள்.

“போன தடவை மாதிரி, பையன் வாயைத் திறக்கறதுக்குள்ள மூணு யோசனை சொல்லிடாதே,” என்றாள் பயிற்சி நடத்தும் மார்சியா. “காதுக்கும் கொஞ்சம் வேலை கொடு, கண்ணு.”

“கொடுக்கறேன்.”

“இதான் கடைசி வாய்ப்பு. அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே.”

ஓஹையோவில் ஆகஸ்ட் மாதம், பிள்ளைகள் வந்து சேருமுன் காலி விடுதியில் நடக்கும் சோதனை இது. கல்லூரி மாணவர் நலப் பிரிவில் வேலை பார்ப்பதற்காக முதுகலை படிக்கிறவர்கள் எல்லோரும் இதைத் தாண்டியாக வேண்டும். மனம் நொந்த மாணவராக யாரோ ஒருவர் நடிப்பார். சில அறைகளில் அவர் உள்ளே இருப்பார், நாம் தட்ட வேண்டும். சில அறைகளில் நாம் காத்திருப்போம், அவர் தட்டிக்கொண்டு வருவார். பாஸா, ஃபெயிலா என்று கடைசியில் சொல்வதும் அவர்தான்.

ஃபெயிலானால் விடுதிப் பொறுப்பாளர் வேலை போகும். அந்தச் சம்பளத்தை நம்பியிருக்கும் படிப்பும் போகும். லோரல் நெப்ராஸ்காவில் இருக்கும் வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மார்சியா இந்தப் படிக்கட்டிலிருந்தும் இன்னொருவர் எதிர்ப் படிக்கட்டிலிருந்தும் ஆட்களை அறைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லோரல் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தட்டினாள்.

“வாங்க, திறந்துதான் இருக்கு.”

உள்ளே இளந்தாடிக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நாற்காலிகள் இரண்டும் நேருக்கு நேராக இல்லாமல், வகுப்பில் சொல்லித்தந்தது போலவே சற்றுச் சாய்வாகப் போடப்பட்டிருந்தன. எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தபடி அவள் உட்கார்ந்தாள்.

“என் பேர் ஏமஸ்,” என்று சொல்லிவிட்டு அவன் சும்மா இருந்தான்.

அவளும் சும்மா இருந்தாள். மௌனத்தைத் தாங்கப் பழக வேண்டும் என்பது முதல் பாடம். ஆனால் இவன் அவளைவிட நன்றாகத் தாங்கினான். வாயே திறக்காத பிள்ளையின் வேடம் போலிருக்கிறது. இருப்பதிலேயே கஷ்டமானதை மார்சியா எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

“எப்படி இருக்கீங்க?” என்றாள்.

“நீங்க எப்படி இருக்கீங்க?”

நழுவுகிறான். நம்மைப் பற்றிச் சின்னதாக ஒன்றைச் சொன்னால் எதிரில் இருப்பவர் திறப்பார் என்பது இன்னொரு பாடம்.

“எனக்கெல்லாம் இங்க வந்த புதுசுல வீட்டு ஞாபகமாவே இருந்துச்சு.”

“இருந்துச்சா, இருக்கா?”

லோரல் சிரிக்கப் பார்த்தாள். “எங்க அம்மா, ‘பட்டம் வாங்கியும் ஹாஸ்டலை விட்டு வராத ஒரே பொண்ணு நீதான்டி’ன்னு கிண்டல் பண்ணுவாங்க. சர்ச்சுல யாராவது கேட்டா, நான் டீச்சருக்குப் படிக்கிறேன்னு சொல்லி வச்சிருக்காங்க.”

“ம்,” என்றான் ஏமஸ்.

அந்த ‘ம்’தான் வினையாகிப் போனது. அதில் அவசரமும் இல்லை, யோசனையும் இல்லை. அவளிடம் யாரும் அப்படி ஒரு ‘ம்’ சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

“பசங்களுக்குக் காதல் முறிஞ்சா என் கதவைத் தட்டுவாங்க. மார்ச்ல எனக்கு முறிஞ்சப்போ எந்தக் கதவைத் தட்டறதுன்னு தெரியல. ஷவரைத் திறந்துவிட்டுட்டு, உள்ள நின்னு…”

மேலே பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. தன் அழுகைக்கு இப்படி ஒரு குரல் உண்டென்பது அவளுக்கே புதிதாக இருந்தது. இத்தனை நாளும் தண்ணீர்ச் சத்தம் அதை மூடியிருந்தது.

ஏமஸ் பதறவில்லை, தோளைத் தொடவில்லை. டிஷ்யூ பெட்டியை அவள் கைக்கு எட்டும்படி மெல்ல நகர்த்தினான்.

“மெதுவா அழுங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகி, புத்தி விழித்துக்கொண்டது. போச்சு. தேற்ற வந்தவளே தேம்பினால் யார் பாஸ் போடுவார்கள்? அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

நேரம் முடிந்ததென்று வெளியே மணி அடித்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புக்காக அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுமை இழந்தவன் அவன்தான்.

“அழுகை அசல் மாதிரியே இருந்துச்சுங்க. இப்பவாவது சொல்லுங்க, நான் பாஸா?”