சோமுவின் சுண்டுவிரல்

ஒன்பதாம் பக்கத்தில் சூறாவளி சோமு பிராந்தி குடித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்த கற்பகம் பாதி வரியில் நின்றுவிட்டாள்.

தறிக்குழியில் உட்கார்ந்து நாடாவை ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் குப்புராஜ் நிமிராமலே கேட்டான்.

"இன்னாமே, வாய்ல கொழுக்கட்டையா? படி."

குப்புராஜுக்கு எழுத்து தெரியாது. கையும் காலும் தறியில் இருக்கும்போது காது மட்டும் சும்மாதானே இருக்கிறது என்று, கல்யாணமான புதிதிலிருந்து மாதாமாதம் ஆரணி பஸ் ஸ்டாண்டு கடையில் சோமு படக்கதை வாங்கி வந்து அவளைப் படிக்கச் சொல்வான். தறியை விட்டு ஏறியதும், பட்டைத் தொடுவதற்கு முன் கழுவுகிற மாதிரி கையைக் கழுவிக்கொண்டு படம் படமாக விரல் வைத்துப் பார்ப்பான். முள்ளிப்பட்டு ஊரில் சாமி படத்தைக்கூட யாரும் அத்தனை பக்தியாகப் பார்த்ததில்லை.

சோமு துப்பறிவான், மலையிலிருந்து குதிப்பான். குடிக்க மட்டும் மாட்டான். முதல் புத்தகத்திலேயே முதலை அவனுடைய வலக்கைச் சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டு போனபோது, வலி தெரியாமலிருக்க யாரோ நீட்டிய சாராயத்தைத் தட்டிவிட்டவன் அவன்.

அதைக் கேட்டுத்தான் குப்புராஜ் குடியை விட்டான். கற்பகம் அழுது பார்த்தும், அம்மன் கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தும் ஆகாத காரியம்.

இப்போது மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக்கடைகளை மறுபடியும் திறந்துவிட்டார்கள். நாளைக்குச் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுபோய் ஆரணியில் கொடுத்துவிட்டு வரும் வழியிலேயே ஒரு கடை. நேற்றுப் பக்கத்துத் தறிக் காத்தவராயன் 'வாடா, ஒரு வாய் போட்டுட்டு வரலாம்' என்று கூப்பிட்டதற்கு, 'சோமு என்னைக்குத் தொடறானோ அன்னைக்கு நானும் தொடறேன்' என்று இவன் சொன்னதைக் கற்பகம் தன் காதால் கேட்டிருந்தாள்.

எழுதுகிறவன் மாறிவிட்டானோ, படம் போடுகிறவன் மாறிவிட்டானோ. எவனாயிருந்தாலும் கட்டையில் போகிறவன்.

"சோமு சோடா குடித்தான்" என்று படித்தாள்.

தறிச் சத்தம் மாறவில்லை.

எழுத்தை மாற்றிப் படித்துவிடலாம். படத்தை என்ன செய்வது? பிராந்தி பாட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டு பக்கத்தின் நடுவில் நின்றது. கிழித்துவிடவும் முடியாது, அவனுக்குப் பக்கம் எண்ணத் தெரியும்.

கடைசிப் பக்கம் பாக்கி இருக்கும்போதே அவன் தறியை நிறுத்திவிட்டு ஏறி வந்தான். கையைக் கழுவினான். புத்தகத்தை வாங்கினான்.

ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.

கடைசிப் பக்கம் வரை புரட்டினான். திரும்பவும் ஒன்பதுக்கே வந்தான். கற்பகம் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு அந்தக் கடை வாசலில் இவன் கால் நிற்குமா, நடக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு விரலுக்கடியில் இருந்தது.

"இது சோமு இல்லமே" என்றான் குப்புராஜ். "வலது கையைப் பாரு, அஞ்சு விரலும் இருக்குது. எவனோ சோமு மாதிரி வேஷம் போட்டுகினு வந்துக்கிறான். கடைசில மாட்டுவான், நீ படி."

கற்பகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாட்டிலைப் பிடித்திருந்த அந்தச் சுண்டுவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"சோமு பாய்ந்து வந்து போலியின் ஒட்டு மீசையைப் பிடுங்கினான். என் பேரைக் கெடுக்கவா குடிக்கிறாய் என்று கேட்டு, கையில் விலங்கை மாட்டினான். முற்றும்."

அந்தப் பக்கத்தில் போலியும் இல்லை, விலங்கும் இல்லை. ஒரே ஒரு சோமுதான் இருந்தான். ஐந்து விரலாலும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

குப்புராஜ் அவள் தோளுக்கு மேலாக அந்தப் படத்தையே பார்த்தபடி, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டான்.

"கரெக்டா எழுதிக்கிறான்" என்றான்.