ஒரே ஒருவரின் உறுத்தல்

"ஏங்க, அரைமணி நேரமாச்சு. ஒருத்தரும் வாயே தொறக்கலையே? முடியாதுன்னு சொல்லக் கூச்சப்படறாங்களா?" சாந்தாமணி கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

"உஷ்! குவேக்கர்னு சொல்ற இந்தக் கிறிஸ்தவ சபைன்னா இப்படித்தான்" என்றான் சேனாபதி. "பாதிரியார் கிடையாது, ஓட்டும் கிடையாது. எல்லாரும் சும்மா உக்காந்து யோசிப்பாங்க. ஒரே ஒருத்தர் மனசுல உறுத்தல் இருந்தாலும் முடிவை எழுத மாட்டாங்க."

"நம்ம தமிழ்ச் சங்கத்துல இப்படி வெச்சா பொங்கல் விழாவே நடக்காது!"

சேனாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்து செல்வராஜ் அடைக்கலம் கேட்டு வந்து, எட்டு மாதமாக நியூ ஜெர்சியில் தடுப்புக் காவலில் இருக்கிறான். அவன் கடிதங்களை வக்கீலுக்கு மொழிபெயர்ப்பவன் சேனாபதிதான். நாளை விசாரணை. தங்க இடம் தருவதாக யாராவது பொறுப்பேற்றால் வெளியே விடுவார்கள். இல்லாவிட்டால் வழக்கு முடியும்வரை உள்ளேதான். அந்த உதவியைக் கேட்டுத்தான் சேனாபதி இந்தச் சபைக்கு வந்திருந்தான்.

"நம்ம அபார்ட்மென்ட்லயே ஒரு ரூம் சும்மாதானே கெடக்குது?"

"மறுபடியும் ஆரம்பிக்காத சாந்தா. கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம். எதுக்கு வம்பு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எதிர் பெஞ்சில் புருவம் அடர்ந்த ஒரு கிழவர் கண்மூடி இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். 'இவர்தான் தடுக்கப்போகிறார்' என்று நினைத்தான் சேனாபதி. அவர் எழுந்தார்.

"என் மகனின் அறை காலியாக இருக்கிறது. காலை வெயில் வரும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

யாரும் கைதட்டவில்லை. மறுபடி மௌனம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் எழுந்தாள். "வக்கீல் ஆபீசுக்கு நான் காரில் அழைத்துப் போகிறேன்." பிறகு இன்னொருவர். "வழக்கு எத்தனை வருடம் ஆனாலும் சரி."

சாந்தாமணியின் கண்கள் கலங்கின. "யாருன்னே தெரியாதவனுக்காங்க?"

சேனாபதிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் முடிவை எழுதவேண்டிய சபைத் தலைவி எஸ்தர் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது.

"இன்னும் யாரோ ஒருத்தர் ஒத்துக்கலை போல" என்றான். பதற்றத்தோடு ஒவ்வொரு முகமாகத் தேடினான். எல்லா முகமும் தெளிவாகத்தான் இருந்தது.

எஸ்தர் மெல்ல எழுந்து கடைசி பெஞ்சுக்கு வந்தார். கையிலிருந்த தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. சேனாபதியின் அருகே உட்கார்ந்தார்.

"நண்பரே, எங்கள் எல்லோருக்கும் எப்போதோ சம்மதம். செல்வராஜை அறிந்தவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். உங்கள் முகத்தில் மட்டும்தான் உறுத்தல் தெரிகிறது. அது தீரட்டும் என்றுதான் காத்திருக்கிறோம்."